கடன் அவள் பெயரில், பத்திரம் அவன் பெயரில்

பிறந்த வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு ஒரு பெண் திரும்பி வருகிறாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பை. கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. அவளிடம் இருக்கும் சாவி அதில் நுழையவில்லை. கணவருக்குப் போன் அடித்தால் மணி போகிறது, எடுப்பாரில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் தயங்கித் தயங்கி வந்து, "உள்ள வந்து உக்காரு தாயி, புள்ளைக்குத் தண்ணி குடு" என்கிறார்.

எரியோடு, வேடசந்தூர், குஜிலியம்பாறை என்று எங்கள் பக்கத்து ஊர் எதிலும் இந்தக் காட்சி நடக்கலாம். கோர்ட்டில் மனு விழுவதற்கு முன், வக்கீலைப் பார்ப்பதற்கு முன், பல வீடுகளில் பிரிவை முதலில் அறிவிப்பது பூட்டுதான். பூட்டுக்காகவே 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது. மாங்காய்ப் பூட்டு செய்து ஊர் ஊராக அனுப்பிய கைகள் திண்டுக்கல்லின் கைகள். காவலுக்குச் செய்த பொருளை வைத்து ஒரு பெண்ணையும் பிள்ளையையும் தெருவில் நிறுத்துவதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

அதைவிட வேதனை, அந்தப் பூட்டின் முன் நிற்கிற பெண் பெரும்பாலும் மறுபடி பஸ் ஏறிவிடுகிறாள் என்பது. வீட்டுக்குள் நுழையத் தனக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை என்ன என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. விவாகரத்துப் பேச்சு என்றால் நகையைப் பேசுவார்கள், சீர்ப் பாத்திரத்தைப் பேசுவார்கள், பிள்ளை யாரிடம் இருப்பது என்று பேசுவார்கள். வீட்டைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. பெண்தான் வெளியே போவாள் என்று எல்லோரும் பேசாமலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

யார் கட்டிய வீடு?

திண்டுக்கல்–கரூர் ரயில் பாதையில் எரியோடு ஸ்டேஷனைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் நூற்பாலைகள். மானாவாரி வெள்ளாமையை மட்டும் நம்பி வாழ முடியாத ஊர்களில் இருந்து மில் வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒரு தலைமுறைப் பெண்கள் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மில் விடுதியில் மூன்று வருடம் அடைபட்டு வேலை பார்த்து, கடைசியில் கைக்கு வந்த மொத்தத் தொகையை வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஷிப்ட் நிற்கவில்லை.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நத்தத்தில் மாமனார் பெயரில் பட்டா இருக்கிறது. அதில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட வேண்டும். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகிறது. மகளிர் குழுவில் அவள் பெயரில் கடன் எடுக்கிறார்கள். பற்றாததற்குச் சிறுகடன் நிறுவனத்தில் இன்னொரு கடன், அதுவும் அவள் பெயரில்தான். பி.எஃப். பணத்தை எடுத்து நிலை, கதவு, ஜன்னல். பால் காய்ச்சி எட்டு வருடம் கழித்து, "நீ போயிரு" என்கிறார்கள். வாராவாரம் தவணை வசூலிக்க வருகிறவர் அவளைத் தேடித்தான் பிறந்த வீட்டு வாசலுக்கு வருவார். கடன் அவள் பெயரில். வீடு வேறொருவர் பெயரில்.

ஊர்ப் பஞ்சாயத்தில் இது கணக்கில் வராது. "அந்தப் புள்ளைக்கு ஒரு தொகையக் குடுத்து அத்து விட்ருங்கப்பா" என்று பேசி முடிப்பார்கள். வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய்ப் பத்திரத்திலோ எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளில் வழக்கமாக இருக்கும் வரி ஒன்று: இனிமேல் இந்த வீட்டில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் தலைகுனிந்து அதற்கும் சரி என்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சட்டப்படி நடந்த இந்துத் திருமணத்தைக் கோர்ட் தீர்ப்பு இல்லாமல் ஊர்த்தாளில் முறித்துவிட முடியாது. சாதி வழக்கப்படி அறுத்துக்கொள்ளலாம் என்று வாதாடுகிறவர், அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதை நிரூபித்தாக வேண்டும்.

குடியிருக்கும் உரிமை வேறு, சொத்துரிமை வேறு

குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் தொடங்குகிறது. "பத்திரம் எங்க அப்பா பேர்ல இருக்கு, நீ யாரு?" என்று கேட்டால் பெண் வாயடைத்துப் போகிறாள். பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் அவள் சொத்துக்காரி இல்லை, உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு, குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கப் பெண்ணுக்கு உரிமை தருகிறது. அவளுக்கு அதில் சொத்துப் பங்கு இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை வெளியேற்றக் கூடாது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதம் இந்தச் சட்டத்தில் கிடையாது.

பூட்டைப் பற்றியும் அதில் இருக்கிறது. பெண் பயன்படுத்தும் உரிமையுள்ள வீட்டுக்குள் அவள் போகவிடாமல் தடுப்பதைப் பொருளாதார வன்முறை என்று 3-வது பிரிவே வரையறுக்கிறது. அடி விழுந்த தழும்பைக் காட்டத் தேவையில்லை. புதுப் பூட்டே வன்முறைக்குச் சாட்சி. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு.

19-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் போடக்கூடிய குடியிருப்பு உத்தரவுகள் பல. அவளை வெளியேற்றக் கூடாது என்று தடுக்கலாம். கணவரையே வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லலாம். ஆனால் மாமியார், நாத்தனார் போன்ற பெண்களை வெளியே போகச் சொல்லி இந்தப் பிரிவில் உத்தரவு கிடைக்காது. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று தடுக்கலாம். அதே வசதியுள்ள வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகையைக் கட்டு என்று சொல்லலாம். உத்தரவை நடைமுறைப்படுத்தப் போலீசுக்கும் ஆணையிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். உரிமையைக் காப்பாற்றுவதற்காக அடிபட்டுக்கொண்டு அங்கே கிடக்க வேண்டியதில்லை. 'எந்தக் கட்டத்திலாவது வாழ்ந்த வீடு' என்றுதான் சட்டம் சொல்கிறது. வெளியே வந்த பிறகும் மனுப் போடலாம்.

மாமனார் பெயரில் இருந்தால்?

கிராமத்திலும் சிறு ஊரிலும் முக்கால்வாசிச் சிக்கல் இதுதான். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வருவது மாமனார் வீட்டுக்கு. சட்டம் வந்த சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரில், பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருமகளுக்குப் பாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகளுக்குக் குடியிருப்பு உரிமை இல்லை, கணவருக்குச் சொந்தமான அல்லது அவர் வாடகைக்கு எடுத்த வீடாக இருக்க வேண்டும் என்றது. கிட்டத்தட்ட 14 வருடம் நாடு முழுவதும் கீழ்க் கோர்ட்டுகளில் இந்தத் தீர்ப்பைக் காட்டி மருமகள்களை வெளியேற்றினார்கள். வீட்டை அவசரமாகத் தாய் தகப்பன் பெயருக்கு மாற்றி எழுதுகிற தந்திரத்துக்கும் அது வழி விட்டது.

2020 அக்டோபர் 15-ல் அஹூஜா வழக்கில் நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா ஆகிய மூவர் அமர்வு அந்தத் தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அங்கே மருமகள் நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அது அவள் உரிமைக்கு உட்பட்ட வீடுதான். விருந்துக்கு வந்து தங்கிய வீடு கணக்கில் வராது. அதே வருடம் டிசம்பர் 15-ல் இன்னொரு தீர்ப்பு, பெங்களூரு வழக்கில். மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ஐ வைத்து மருமகளின் குடியிருப்பு உரிமையை ஒரேயடியாக அழித்துவிட முடியாது என்றார் நீதிபதி சந்திரசூட்.

ஒரு நியாயத்தை மறைக்கக் கூடாது. ஆயுள் முழுக்கப் பாடுபட்டு ஒரே ஒரு வீடு கட்டிய வயதான தம்பதி, மகன் செய்த தவறுக்குத் தங்கள் கடைசிக் காலத்தைச் சண்டையில் கழிக்க வேண்டுமா? அஹூஜா தீர்ப்பே மருமகளின் உரிமை அசைக்க முடியாதது அல்ல, பெரியவர்களின் நிம்மதியையும் கோர்ட் எடைபோட வேண்டும் என்கிறது. மருமகளுக்கு மாற்று வீடோ வாடகையோ ஏற்பாடு செய்ய வைப்பதுதான் அங்கே நல்ல தீர்வு. அந்தச் செலவு மகனுடையது.

நம் உயர் நீதிமன்றம் சொன்னவை

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா முன் வந்த வழக்கு. விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது, கணவனும் மனைவியும் ஒரே வீட்டில், நடுவில் இரண்டு பிள்ளைகள். கணவரின் நடத்தையால் வீட்டில் நிம்மதி இல்லை. குடும்பநல நீதிமன்றம் தொந்தரவு செய்யாமல் இரு என்று மட்டும் சொல்லியிருந்தது. அது போதாது என்றார் நீதிபதி. பயத்தோடு ஒரே கூரையின் கீழ் இரு என்று ஒரு பெண்ணைச் சொல்ல முடியாது. கணவரை வெளியேற்றினால்தான் அமைதி வரும் என்றால் வெளியேற்றத்தான் வேண்டும். இரண்டு வாரத்தில் வெளியேறு, இல்லாவிட்டால் போலீஸ் உதவியோடு வெளியேற்றப்படுவாய் என்று உத்தரவு. பெண்தான் போவாள் என்ற பழைய முடிவு கோர்ட்டில் செல்லாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

2023 ஜூன் 21-ல் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னது இன்னும் ஒரு படி மேலே. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து, அந்தப் பணத்தில் சொத்து வாங்கினார். எல்லாம் என் சம்பாத்தியம், அவளுக்கு ஒன்றுமில்லை என்று கணவர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே கணவர் காலமாகி, வாரிசுகள் தொடர்ந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு ஓய்வு நாளே இல்லை, அவள் உழைப்பு இல்லாமல் அவர் வெளிநாடு போய்ச் சம்பாதித்திருக்கவே முடியாது, எனவே அப்படி வாங்கிய சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. வேலைக்கே போகாத இல்லத்தரசிக்கு இந்த நியாயம் என்றால், மில் ஷிப்ட் முடித்து வந்து சோறும் பொங்கியவளுக்கு?

ஆனால் இது ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் கோவா, டாமன், டையூ தவிர எங்கும் இல்லை. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதை நிறைவேற்றவில்லை. 2014-ல் அவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. அதற்குப் பிறகு வந்த எந்த அரசும் அதைச் சட்டமாக்கவில்லை.

இத்தனைக்கும் தமிழருக்கு இது புதிய எண்ணம் அல்ல. டச்சுக்காரர்கள் 1707-ல் தொகுத்து எழுதிய யாழ்ப்பாணத் தேசவழமையில், கல்யாணத்துக்குப் பின் சேர்த்த சொத்துக்கு ஒரு தனிப் பெயர் உண்டு: தேடிய தேட்டம். கணவன் வழி வந்த முதுசம் வேறு, மனைவி கொண்டுவந்த சீதனம் வேறு, இருவரும் சேர்ந்து தேடியது வேறு. கடலுக்கு அந்தப் பக்கம் சட்டப் புத்தகத்தில் ஏறிய சொல்லுக்கு இந்தப் பக்கம் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

கையெழுத்துக்கு முன்

இருவரும் சம்மதித்துப் பிரிவது என்று முடிவானால், இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள். முதல் மனுவுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் சட்டப்படி ஆறு மாதம் இருக்கிறது. 2017-ல் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்கில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. வீட்டு விவகாரத்தை முடிக்க வேண்டிய காலம் இந்த இடைவெளிதான்.

காரணம் பத்திரச் செலவு. கணவன் மனைவியாக இருக்கும்போது ஒருவர் பெயரிலிருந்து மற்றவர் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதினால் அது குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றம். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வழிகாட்டி மதிப்பு 20 லட்சம் என்றால் மொத்தம் 30,000 ரூபாயில் முடியும். தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள். அப்போது 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதக் கட்டணமும் சேர்த்து 1,80,000 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசமான ஒன்றரை லட்சம் என்பது எரியோட்டில் ஒரு பெண்ணின் பல மாத மில் சம்பளம். "தீர்ப்பு ஆகட்டும்மா, அப்புறம் எழுதித் தாரோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவுக்குப் போகுமுன் அன்றைய விகிதத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடியிருப்பு உரிமை பெரும்பாலும் மண உறவு இருக்கும் வரைக்கும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிவிட்டு, பிறகு அந்த வீட்டில் இருக்க உரிமை கேட்பது மிகவும் கஷ்டம். உச்ச நீதிமன்றம் 2005-லேயே ஒரு வாடகை வீட்டு வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. கைவிடப்பட்ட மனைவி, வீட்டுக்காரர் போடும் காலி செய்யும் வழக்கில் கணவரின் இடத்தில் நின்று வாதாடலாம். விவாகரத்தான பிறகு, தீர்ப்பில் குடியிருப்புக்கு ஏற்பாடு இருந்தால்தான் அந்த உரிமை தொடரும். ஆகவே ஜீவனாம்சம் பேசும்போதே குடியிருப்பையும் பேசுங்கள். இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-ல், ஜீவனாம்சம் என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே சோறு, துணியோடு இருப்பிடமும் இருக்கிறது. கணவர் ஒழுங்காகக் கட்டமாட்டார் என்ற சந்தேகம் இருந்தால், அந்தத் தொகைக்கு அவருடைய அசையாச் சொத்தைப் பொறுப்பாக்கச் சொல்லி இந்துத் திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவில் கேட்கலாம்.

வங்கிக் கடன் உள்ள வீடு இன்னொரு பொறி. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனில், இனி அவர் கட்டுவார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணையை நிறுத்தினால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும். வங்கி எழுத்துமூலம் உங்களை விடுவித்தால் மட்டுமே விடுதலை. இதே பொறியில் ஆண்களும் சிக்குகிறார்கள்: மனைவி பெயரில் வாங்கிய வீட்டுக்குப் பிரிந்த பிறகும் வருடக்கணக்கில் தவணை கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் சொல்வது இதுதான், கணக்கை முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஒத்தி வீட்டை யாரும் நினைப்பதே இல்லை. வாடகை கட்ட முடியாமல் மூன்று லட்சமோ நாலு லட்சமோ புரட்டி ஒத்திக்குப் போன குடும்பங்கள் எத்தனை! அந்தப் பணத்தில் அவள் நகை இருக்கும், அவள் அப்பா கொடுத்தது இருக்கும். ஒத்திப் பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால், வீட்டுக்காரர் பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒத்திப் பத்திரம் எழுதும் அன்றே இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். பிரச்சினை தொடங்கிவிட்டால் வீட்டுக்காரருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள், ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுப்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் மறைத்ததைக் காட்ட உங்களிடம் காகிதம் வேண்டும். வில்லங்கச் சான்று எடுங்கள், வீடு எப்போது யார் பெயருக்கு மாறியது என்று தெரிந்துவிடும். அடகு ரசீது, குழுக் கடன் பாஸ்புக், பி.எஃப். எடுத்த விவரம், சிமெண்ட் கம்பி வாங்கிய பில் வரைக்கும் சேர்த்து வையுங்கள். ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவை அந்த வீட்டில் நீங்கள் வாழ்ந்ததற்கு அத்தாட்சி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பூட்டு மாறிய பிறகு இவை கிடைக்காது.

எங்கே போவது?

புகாருக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம் போகலாம். ஆனால் வீட்டுக்குள் திரும்பப் போகும் உத்தரவு ஸ்டேஷனில் கிடைக்காது, மாஜிஸ்திரேட்டிடம்தான் கிடைக்கும். அங்கே கூப்பிட்டுப் பேசி, "கொஞ்ச நாள் அம்மா வீட்ல இரும்மா" என்று சொன்னால் அது யோசனை, உத்தரவு அல்ல. திண்டுக்கல்லில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவது அவர் கடமை. மனுவை நீங்களே நேராகவும் போடலாம். முதல் வாய்தா சாதாரணமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது குடும்ப வன்முறைச் சட்டம். நடைமுறையில் இழுக்கிறது. அதனால்தான் முதல் நாளே 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் அதே கோர்ட்டிலும் இந்த நிவாரணங்களைக் கேட்க 26-வது பிரிவு இடம் தருகிறது.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மகள் பையோடு வாசலில் வந்து நிற்கும்போது, சோறு போடுங்கள், தூங்க விடுங்கள். மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போகாமல் வக்கீலிடம் போங்கள். ஊர்த்தாளில் அவளைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்ற பேச்சு வேண்டாம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி எந்தப் பெண்ணுக்கும் வக்கீல் இலவசம். வருமான வரம்பு கிடையாது. அழைக்க வேண்டிய எண் 15100. அடி உதை என்றால் 181, எந்த நேரமும்.